லாரி இல்லாத லாரி கம்பெனி

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கார்களை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலையை மூன்று வருஷம் பார்த்தேன். இரவு ஷிப்ட். போனில் என் பெயர் ஆலன். எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு லாரிகூடக் கிடையாது, புரோக்கர் தொழில் அதுதான், ஆனால் அப்பா கடைசிவரை "பையன் லாரி ஆபீஸ்ல இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் மாறுகிற ஒருவர், காரை அனுப்ப எவ்வளவு ஆகும் என்று இணையத்தில் விவரம் கொடுப்பார். அந்த விவரத்தை ஒரே நேரத்தில் பல புரோக்கர்களுக்கு விற்றுவிடுவார்கள். பட்டனை அழுத்திய நிமிஷமே அவர் போன் அலற ஆரம்பிக்கும், எட்டாவது ஆளாக நாம் பேசினால் வசவுதான். அதையும் மீறி ஆள் ஒத்துக்கொண்டால் காரை சென்ட்ரல் டிஸ்பாட்ச் என்கிற லோட் போர்டில், அதாவது லாரிக்காரர்கள் சரக்கு தேடும் இணையதளத்தில், விலையோடு போடுவோம். எட்டு ஒன்பது கார் ஏற்றும் டிரெய்லர்காரர்கள் அதைப் பார்த்து, போகிற வழியில் இருக்கிறதா, டீசலுக்குக் கட்டுமா என்று கணக்குப் போட்டு எடுப்பார்கள். எங்கள் கமிஷன் முன்பணமாக வந்துவிடும், மீதி கார் இறங்கும் இடத்தில் டிரைவர் கைக்குப் போகும்.

ஆக, நாங்கள் சொன்னது விலையே இல்லை, ஊகம். டிரைவர் தலையாட்டினால்தான் அது விலை.

எனக்கு இது உறைத்தது ஓர் அக்டோபரில். குளிருக்கு முன் வடக்கிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், வசந்தத்தில் திரும்பும் பெரியவர்களை அங்கே ஸ்னோபேர்ட் என்பார்கள். அவர்கள் கிளம்பும் சீசனில் தெற்கே போகும் லாரியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது போய் ஒரு நியூஜெர்சி பாட்டிக்கு 650 டாலர் என்று சொல்லி புக் செய்தேன். மற்றவர்கள் 900க்கு மேல் கேட்டிருந்தார்கள். டீம் லீடர் முதுகில் தட்டினார். கார் ஒன்பது நாள் போர்டில் கிடந்தது, ஒருவரும் சீண்டவில்லை. தினமும் "நாளைக்கு வந்துடும் மேடம்" என்று அளந்துவிட்டு, பத்தாம் நாள் மார்க்கெட் ஏறிவிட்டது, இன்னும் 300 வேண்டும் என்றேன். விமான டிக்கெட் எடுத்துவிட்டாராம், வேறென்ன செய்வார். கோபப்படவில்லை. "ஆலன், குரல் சோர்ந்திருக்கே, தூங்கினாயா?" என்று கேட்டார். அங்கே மாலை நாலு மணி, எனக்கு நடுராத்திரி ஒன்றரை.

என் கணக்குதான் தப்பு என்று நினைத்திருந்தேன். குறைத்துச் சொல்லி முன்பணத்தைப் பிடி, அப்புறம் ஏற்று என்பதுதான் அங்கே பாடமே என்பது பிறகு தெரிந்தது. 2013இல் அமெரிக்காவில் புரோக்கர்கள் கட்டவேண்டிய பாண்டை, அதாவது ஜாமீன் தொகையை, 10,000 டாலரிலிருந்து 75,000 ஆக்கினார்கள். லாரிக்காரனுக்குப் பணம் தராமல் ஓடுகிறவனுக்கு அது கடிவாளம், சரி. பாட்டியைக் காக்கவைத்ததற்கு எந்த பாண்டும் இல்லை.

டிரைவர்கள் பரவாயில்லை, ஒளிவுமறைவில்லாமல் திட்டுவார்கள். ஸ்டார்ட் ஆகாத காரை ஓடும் என்று சொல்லித் தலையில் கட்டினால், வின்ச் வைத்து இழுத்து ஏற்றிவிட்டு எனக்குத்தான் போன். ஏற்றும்போதே கீறல், நசுங்கல் எல்லாம் சீட்டில் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தொழிலில் நான் பார்த்த நேர்மையான காகிதம் அந்த ஒன்றுதான்.

போன வருஷம் புனேவுக்கு மாறினோம். என் காரை அனுப்ப ஒருவரைக் கூப்பிட்டு, சொந்த வண்டியா, புக்கிங் மட்டுமா என்று கேட்டேன். "எல்லாம் நம்ம வண்டிதான் சார்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.