பெர்லில் பழைய ஃபைல் அழியாமல் புது ஃபைல் திறக்க

தோவாளை பூச்சந்தையில் ஒரு மொத்தக் கடைக்கு பெர்ல் (Perl) என்ற நிரல் மொழியில் கணக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். பிச்சி இத்தனை கிலோ, கேந்தி இத்தனை கிலோ, என்ன விலை, யாருக்குப் போனது என்று கேட்டு வாங்கி, அன்றைய தேதியையே பெயராக வைத்து ஒரு ஃபைலில் எழுதும். ஓணத்துக்கு முந்தின வாரம், கேரளாவுக்குப் பூ லோடு லோடாகப் போகிற நேரம், கடைக்கார அண்ணன் போன் பண்ணினார். “மக்ளே, விடியக்காலம் போட்ட கணக்கைக் காணல.”

ஃபைலைத் திறக்கும் ஓப்பனில் (open) ‘>’ போட்டிருந்தேன். ஃபைல் இல்லையென்றால் அது உருவாக்கும், இருந்தாலோ ஒரு எழுத்து எழுதுவதற்கு முன்பே, திறந்த அந்த நொடியிலேயே உள்ளே இருப்பதைக் காலி செய்துவிடும். ஏழு மணிக்கு இன்னொரு பையன் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டியிருக்கிறான். ‘>>’ போட்டால் பழையதன் கடைசியில் சேர்த்து எழுதும், அழியாதுதான், ஆனால் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும், அது அண்ணனுக்கு ஆகாது.

சரி, ஃபைல் இருக்கிறதா என்று முதலில் ‘மைனஸ் ஈ’ (-e) வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் திறக்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். பார்ப்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, இரண்டு பையன்களும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இருவருக்குமே ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், இருவருமே திறப்பார்கள்.

பார்ப்பதையும் உருவாக்குவதையும் ஒரே வேலையாக ஆபரேட்டிங் சிஸ்டத்திடமே விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் சிஸ்ஓப்பன் (sysopen). எஃப்கன்ட்ல் (Fcntl) மாட்யூலை யூஸ் செய்து, எழுத மட்டும் என்ற கொடியோடு (O_WRONLY) ஓ_கிரியேட் (O_CREAT, கடைசியில் E கிடையாது), ஓ_எக்ஸ்கிள் (O_EXCL) இரண்டையும் ‘|’ போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், அது வேறொரு ஃபைலைச் சுட்டும் வெறும் சிம்லிங்க்காக இருந்தாலும், திறக்காமல் திரும்பி வந்துவிடும். ஓ_எக்ஸ்கிள்லைத் தனியாகப் போட்டுப் பிரயோஜனமில்லை, ஓ_கிரியேட் கூடவே வேண்டும்.

திறக்காவிட்டால், பிழையின் காரணத்தை வைத்திருக்கும் ‘$!’ என்ன சொல்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழையாக இருந்தால் மட்டும் பெயரோடு 1, 2 என்று சேர்த்து அடுத்ததை முயற்சி செய்யுங்கள். அனுமதி இல்லை, டிஸ்கில் இடமில்லை என்றால் டை (die) போட்டு ஸ்கிரிப்டை நிறுத்த வேண்டியதுதான், இல்லாவிட்டால் லூப் நிற்கவே நிற்காது. பெயர் எதுவானாலும் சரி, தற்காலிக ஃபைல் போதும் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம், ஃபைல்::டெம்ப் (File::Temp) மாட்யூல் போதும்.

அன்று போன கணக்கை அண்ணன் துண்டுச் சீட்டுகளை வைத்து மத்தியானம் வரை உட்கார்ந்து திரும்ப எழுதினார். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தேன்.