ஒலிம்பியாட் கணக்கு, வழக்கமான பீரியடுக்குள்ளேயே

ஒலிம்பியாட் போன்ற கணிதப் போட்டித் தேர்வுக்கென்று சனிக்கிழமை தனி வகுப்பு வைத்தால் வருவது ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் நாலு பேர்தான். பாடத்தோடு கலந்தால் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும்.

சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கத்தின் என்.எம்.டி.சி. (தேசியக் கணிதத் திறன் போட்டி) பழைய வினாத்தாள்கள் இதற்குத் தோது. 7, 8-ஆம் வகுப்புக்கு சப்-ஜூனியர் தாள். முழுத்தாளையும் ஜெராக்ஸ் எடுத்து நீட்டினால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். கணக்குகளைப் பாடவாரியாகப் பிரித்துவைத்து, அலகு முடியும் நாளில் ஒன்றே ஒன்று கொடுங்கள். கடைசி 12 நிமிடம் போதும்: 5 நிமிடம் தனியாக, 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு, மீதி போர்டில்.

அடுக்குகள் பாடத்துக்கு ஒன்று: 7-இன் 100-ஆம் அடுக்கில் ஒன்றாம் இலக்கம் என்ன? 7, 9, 3, 1 என்று சுழல்வதைப் பலரும் பிடித்துவிடுவார்கள். 100-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 0. சறுக்குவது இங்கேதான். மீதி 1-க்கு 7 என்றால், 0-க்கு என்ன என்று குழம்பி, முதல் எண்ணான 7-ஐயே எழுதுவார்கள். விதியைச் சொல்லிவிடாமல், 4-ஆம் அடுக்கு 2401, 8-ஆம் அடுக்கு 5764801 என்று போர்டில் எழுதி நிறுத்துங்கள். விடை 1 என்று அவர்களே சொல்வார்கள்.

கணக்கோடு தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் தந்திருந்தால் அவற்றை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஊகம்தான் நடக்கும். 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கான உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ்.-இல் ஒரு தாளுக்கு 90 நிமிடத்தில் 90 கேள்வி, வேகம் வேண்டும்தான். அந்தப் பயிற்சியைத் தேர்வு நெருங்கும்போது வைத்துக்கொள்ளலாம்.