வென்னெஸ்லா: 27 மர விலாக்களில் ஒரு நூலகம்

நார்வேயின் தென்கோடியில், கிறிஸ்தியான்சானுக்குச் சற்று வடக்கே, ஓட்ரா ஆற்றங்கரையில் இருக்கிறது வென்னெஸ்லா. 1886-இல் தொடங்கிய ஹுன்ஸ்ஃபோஸ் காகித ஆலைதான் நெடுங்காலம் இந்த ஊருக்குச் சோறு போட்டது. 2011-இல் ஆலை திவாலானது; அதே ஆண்டில் புதிய நூலகம் திறந்தது. இன்று கட்டடக்கலை படிப்பவர்கள் இந்தச் சிற்றூருக்கு ரயிலேறி வருவது அந்த நூலகத்தைப் பார்க்கத்தான்.

வடிவமைத்தது ஸ்டவாங்கரைச் சேர்ந்த ஹெலன் அண்ட் ஹார்ட் நிறுவனம். பரப்பு சுமார் 1,900 சதுர மீட்டர். ஏற்கெனவே அங்கிருந்த சமூகக் கூடத்தையும் கற்றல் மையத்தையும் இணைத்துக்கொண்டு எழுந்த கட்டடம் இது. எனவே நூலகம், காபிக்கடை, வகுப்பறை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். புத்தகம் எடுக்க நினைக்காதவரும் புத்தக அலமாரிகளைக் கடந்துதான் போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணை இழுப்பது வரிசையாக நிற்கும் 27 மர விலாக்கள். இணையத்தில் எல்லோரும் திமிங்கிலத்தின் வயிறு என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் பார்க்க வேண்டியது தோற்றத்தை அல்ல, ஒரே விலா எத்தனை வேலை செய்கிறது என்பதை. ஒன்றின் அருகில் நின்று கூரையிலிருந்து தரை வரை கண்ணை ஓட்டுங்கள். நடுவில் கூரையின் பாரத்தைத் தாங்குவது க்ளூலாம், அதாவது உலர்த்திய பலகைகளை இழை ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கி, பசையிட்டு அழுத்திய உத்தரம். அதன் மேல் சி.என்.சி. இயந்திரத்தில், அதாவது கணினி வழிநடத்தும் இயந்திரத்தில் வெட்டிய பிளைவுட் பலகைகள். நாம் காணும் வளைவு இவற்றால் வந்தது. இடைவெளியில் காற்றோட்டக் குழாய்களும் ஒலியை உறிஞ்சும் பொருளும் போகின்றன. வளைந்த கண்ணாடி மூடிகளுக்குப் பின்னால் விளக்குகள். கீழே இறங்கியதும் அதே விலா புத்தக அலமாரியாகவும் சாய்ந்து படிக்கும் மாடமாகவும் மாறிவிடுகிறது. பொய்க்கூரை, தொங்குவிளக்கு, வெளியே தெரியும் காற்றோட்டக் குழாய் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இருபுறமும் உள்ள பழைய கட்டடங்களுக்கும் உள்ளே நடக்கும் வேலைகளுக்கும் ஏற்ப விலாவின் வடிவம் படிப்படியாக மாறிக்கொண்டே போகிறது. கைரம்பத்தால் இப்படி அறுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வரைய வேண்டும், கூலி கட்டுப்படியாகாது. கணினி வெட்டும்போது ஒரே வடிவத்தை 27 முறை வெட்டுவதற்கும் 27 வடிவங்களை வெட்டுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. சிற்றூர் ஒன்று இவ்வளவு துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு விலையும் உண்டு. குழாயும் மின்கம்பியும் விலாவுக்குள்ளேயே போவதால், நாளை காற்றோட்ட அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் தச்சரும் மின்பணியாளரும் ஒன்றாக வந்து பலகையைக் கழற்ற வேண்டும். அலமாரியை நகர்த்தி இடத்தை வேறுவிதமாக அமைப்பதும் நடக்காது, அது கட்டடத்தோடு பிறந்தது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைக் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சுவதால் க்ளூலாமில் மெல்லிய நீளவெடிப்பு வருவது இயல்பு. மேலோட்டமான வெடிப்பு பயப்பட வேண்டியதல்ல. பசைக்கோடு நெடுக ஆழமாகப் பிளந்தால்தான் கவலை. பிளைவுட்டில் ஒவ்வொரு படலமும் அடுத்ததற்குக் குறுக்காக இருப்பதால் அது அவ்வளவாகச் சுருங்காது.

படிக்கும் மாடத்தில் சும்மா பார்த்துவிட்டு வராமல் உட்கார்ந்து பாருங்கள். நம் ஊர் நூலகத்துக்கு இதை முயல நினைப்பவர்கள் ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நிமிர்ந்து உட்கார 45 செ.மீ. ஆழம் போதும், காலை மடக்கிச் சாய்ந்து படிக்க 60 செ.மீ.க்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்ட மாடங்களில் பெரும்பாலும் பைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

நுழைவாயில் பக்கம் கட்டடம் பின்வாங்கி, சதுக்கத்தின் அகலத்துக்கு ஒரு பெரிய தாழ்வாரம் விடுகிறது. மாலை இருட்டிய பிறகு எதிரே நின்று படம் எடுத்தால் விலாக்களின் விளிம்பு தெளிவாக விழும். பகலில் கண்ணாடியில் வானம்தான் தெரியும்.

நார்வேயில் ஒவ்வொரு நகராட்சியும் பொது நூலகம் நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். பொது உரையாடலுக்கான இடமாகவும் அது இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வென்னெஸ்லா அதை முன்பே கட்டிவிட்டது.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆஸ்லோவிலிருந்து கிறிஸ்தியான்சானுக்கு ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். அந்தப் பாதையில் வென்னெஸ்லாவிலும் நிலையம் உண்டு. கோடையில் வந்தால் பக்கத்து க்ரூவானேயிலிருந்து கிளம்பும் நீராவி ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1896-இல் திறந்து 1962-இல் மூடிய செட்டெஸ்டால் குறுகிய தண்டவாள ரயில்பாதையின் மிச்சத் துண்டு அது. எல்லா நாளும் ஓடாது, அதனால் அதன் அட்டவணையை முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.