இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம்

1952 இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ரூம் ஃபார் ஒன் மோர்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தை அண்மையில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முதல் முறை பார்த்தது அதன் நாயகன், ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்டுக்காக. இம்முறை, யாருக்கும் எளிதில் பிடிக்காத ஒரு பையனுக்காக.

மூன்று பிள்ளைகளும், அவர்கள் போதாதென்று தாய் ஆனா இரக்கப்பட்டுச் சேர்த்த பூனை நாய்களும் நிறைந்த வீடு அது. அங்கே ஆதரவற்றோர் காப்பகத்திலிருந்து ஜேன் என்னும் பதின்வயதுப் பெண்ணைச் சிறிது காலத்துக்கென்று அழைத்து வருகிறாள் ஆனா. அவள் நிலைத்துவிட்ட பிறகு, கால்களில் இரும்புப் பட்டை அணிந்த ஜிம்மி ஜான் வந்து சேர்கிறான். மனைவியோடு பத்து நிமிடம் தனித்திருக்க வழி தேடும் கணவனான கிராண்ட், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பிள்ளை குறுக்கே வந்து நிற்க, ஒன்றும் சொல்லாமல் முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் இடங்களில்தான் படத்தின் நகைச்சுவை குடியிருக்கிறது. ஆனாவாக நடித்த பெட்சி டிரேக் அப்போது கிராண்டின் உண்மையான மனைவி என்பதால், அந்தச் சலிப்பிலும் கொஞ்சலிலும் ஒத்திகை பார்த்த வாடை இல்லை.

இயக்குநர் நார்மன் டாரோக், 1931 இல் வெளிவந்த ‘ஸ்கிப்பி’ என்னும் சிறுவர் படத்துக்காகவே ஆஸ்கர் பெற்றவர். அந்தப் பழக்கம் ஜிம்மி ஜானைக் காட்டும் விதத்தில் தெரிகிறது. ஊனமுற்ற சிறுவனைக் கண்டதும் நம்மை அழவைக்க வயலினைத் தூக்கும் படங்களே மிகுதி. இவரோ அவனை அடித்து உடைப்பவனாக, வீட்டுப் பிள்ளைகளே வெறுக்கும்படியானவனாக நெடுநேரம் விட்டுவைக்கிறார். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. வெட்கத்தை மறைக்கத்தான் முரட்டுத்தனம் என்பதை யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை, நாமாகத்தான் கண்டுகொள்கிறோம். அதே பையன் சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த ‘ஈகிள்’ தகுதியை அடையும் இறுதிப் பகுதி எனக்குச் சற்று நெருடல்தான். அவ்வளவு முள்ளாக இருந்தவனுக்குப் பதக்கம் குத்திக் கதையை முடிப்பது அவசரமாகப் படுகிறது.

கடைக்குட்டி டீனியாக வரும் ஜார்ஜ் வின்ஸ்லோவைச் சொல்லாமல் விட மனமில்லை. குடத்துக்குள்ளிருந்து வருவது போன்ற கட்டைக் குரலில், சிரிப்பின் சாயலே இல்லாமல் அவன் பேசும் ஒரே வரி கிராண்டின் அரைப் பக்க வசனத்தைத் தின்றுவிடுகிறது. வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் கிராண்ட் அவனைத் திரைக்கு அழைத்து வந்தாராம். திரைக்கு வெளியே, கிராண்டுக்கோ தம் 62 ஆம் வயதில், 1966 இல்தான் முதல் குழந்தை பிறந்தது.

இப்படத்தின் பெயரிலேயே 1962 இல் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. கிராண்டும் டிரேக்கும் மணமுறிவு பெற்றதும் அதே ஆண்டில்தான். அத்தொடரைத் தேடிப் பார்க்க எனக்கு ஏனோ மனம் வரவில்லை.