கம்பியே இல்லாமல் நிற்கிற வைரம்

தங்கச்சிக்கு நிச்சயதார்த்த மோதிரம் பார்க்கச் செட்டியார் தெருவில கடை கடையா ஏறி இறங்கினதில என்ர மனசில நிற்கிறது டென்ஷன் செட்டிங் மோதிரம்தான். கல்லைப் பிடிக்கிற கம்பியும் இல்லை, கிண்ணமும் இல்லை. வளையம் ஓரிடத்தில திறந்திருக்கு, அந்த இடைவெளியில வைரம் அந்தரத்தில நிற்குது. பக்கவாட்டாத் திருப்பினால் கல்லின்ர அடிக்கூர் வரைக்கும் தெரியும். அவ்வளவு வடிவு!

ஜேர்மனியின் நீசிங் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த வடிவம் இது. உலோகத்தை வில்லு மாதிரி விறைப்பாக்கி, இரண்டு முனையிலயும் மெல்லிய காடி வெட்டி, வளையத்தைக் கொஞ்சம் விரிச்சுக் கல்லை வைக்கினம். விட்டதும் உலோகமே கல்லை இறுக்கிப் பிடிச்சிடும். அதால எங்கட அம்மாமார் கேட்கிற 22 கரட் இதுக்குச் சரிவராது, வளைஞ்சிடும். நல்லா இறுக்கின 18 கரட், இல்லாட்டி பிளாட்டினக் கலவைதான்.

கல்லும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேணும். வைரம் தாங்கும். வெடிப்பில்லாத எங்கட இரத்தினபுரி நீலக்கல்லும் தாங்கும், எனக்கு அதில இன்னும் ஆசை. மரகதம் வேண்டவே வேண்டாம், உடைஞ்சிடும்.

பிறகு அளவு மாத்துறது பெரும்பாடு. ஆனபடியால் கலியாணம் பேசி நிற்கிற பிள்ளையள், கொழும்பு வெக்கையில விரல் வீங்குற பின்னேரத்திலயும் ஒருக்கா அளவு எடுத்துப் பாருங்கோ. உத்தரவாதத்தை வாய்ப்பேச்சில விடாமல் பில்லில எழுதி வாங்குங்கோ.