மரத்தைத் தடவிப் பார்த்த கோடை

ஏப்ரல் 12, சனி

பரீட்சை முடிந்ததும் அடுக்ககத்துப் பிள்ளைகள் காலை ஆறரைக்கே கீழே கூடிவிட்டார்கள். திருவான்மியூரில் எங்கள் தெருவுக்கு மரங்களில் குறைச்சல் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: மரத்தின் பேரை யாரும் கேட்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். பேர் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள்.

துப்பட்டாவால் கண்ணைக் கட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துவது. தடவலாம், கட்டிப்பிடிக்கலாம், முகரலாம். கிளம்பிய இடத்துக்கே கூட்டிவந்து கட்டை அவிழ்த்ததும், தன் மரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கவினுக்கு வேப்பமரம். பட்டை வெடிப்புகளில் விரலை ஓட்டிக்கொண்டே போனவன், பிசின் ஒட்டியதும் "ஐயே" என்றான். அப்புறம் அந்தப் பிசினை வைத்தே மரத்தைப் பிடித்துவிட்டான்.

யாழினிக்குப் புங்கை. தடவிக்கொண்டே வந்த கை சட்டென்று நின்றது. "ஆன்ட்டி, இதுல ஆணி குத்துது." ஒன்று இரண்டு இல்லை. விளம்பரப் பலகைகள் போனபிறகும் ஆணிகள் துருவேறி மரத்துக்குள்ளேயே கிடக்கின்றன. கண் திறந்திருந்தால் அவளும் எல்லாரையும் போலக் கடந்து போயிருப்பாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. நேற்று ராத்திரியே வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்திருந்தோம். விடியும்போது பூ உதிர்ந்து கிடந்தது. முதலில் மூக்கு, பிறகுதான் நாக்கு என்றேன். "வாசனை ஸ்வீட்டா இருக்கு, வாயில வெச்சா கசக்குது, ஏமாத்துது" என்றான் அஸ்வத். மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடியானதும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

என்னிடம் கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை இன்றைக்கும் கண்டிப்பாகச் சொன்னேன். எதிர் மதிலோரம் நிற்கும் மஞ்சள் அரளியைக் காட்டினேன். அதன் விதை உயிரையே வாங்கும்.

ஏப்ரல் 19, சனி

இன்றைக்குக் காது. கடற்காற்று கிளம்பட்டும் என்று சாயங்காலமாகப் போனோம். முனையில் இருக்கும் வாகையில் காய்ந்த நெற்றுகள் கலகலத்தன. அரச இலையின் சலசலப்பு வேறு. நீளமான காம்பில் ஆடுவதால் லேசான காற்றுக்கே அது பேச ஆரம்பித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள்.

வாட்ச்மேன் அண்ணனுக்குத் திருவாரூர்ப் பக்கம். பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, பீப்பீ ஊதிக் காட்டினார். அவ்வளவுதான், தெருவே கல்யாண வீடு. அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் புகார் வந்திருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பொழுது சாயும்போது தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தோம். இலைகள் மெல்ல மடிந்துகொண்டன. காம்பின் அடியில் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். அதற்குள் தண்ணீர் இடம் மாறுவதால்தான் இலை மடிவதும் விரிவதும். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற குல்மொஹர், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தது. இவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஒன்பது மணிக்கே சிமென்ட் தரையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. துள்ளிக் குதித்துப் புங்கை நிழலுக்கு ஓடினார்கள். நிழலைப் பாதத்தால் அளப்பதுதான் இன்றைய பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். தரையெல்லாம் பூ. "பொரி கொட்டின மாதிரி இருக்கு" என்றாள் யாழினி. சங்கப் புலவர்களும் புங்கம்பூவைப் பார்த்து இதைத்தான் சொன்னார்கள் என்றேன், அவள் நம்பவில்லை. (பேரும் வெளியே வந்துவிட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை.)

ஆணிகளை வாட்ச்மேன் அண்ணன் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பி எடுத்தார். பாதி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டன. பிள்ளைகள் மற்ற மரங்களையும் தடவிப் பார்த்து, ஆணி உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார்கள். வாகையில் மட்டும் ஒரு டியூஷன் சென்டரின் பலகை இன்னும் தொங்குகிறது. கவின் அங்கேதான் படிக்கிறான். நாளைக்கு சாரிடம் கேட்கிறேன் என்றிருக்கிறான்.