அயர்லாந்தின் மேற்குக் கரைக்குப் புறப்படும் முன்

மார்ச் 9, 2025, ஞாயிறு

அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. மே 10 அன்று டப்ளினில் வந்து இறங்குகிறாள். வெள்ளிக்கிழமை செய்தி வந்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறோம். வேலை, வீடு, எம்50 நெடுஞ்சாலை என்றே நாள் போய்விட்டது. மேற்குப் பக்கம் போனது ஒரே ஒரு தடவை. கால்வேக்குக் காலையில் போய் இரவே திரும்பினோம். இந்த முறை அம்மாவை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டும். மே 24 சனி முதல் 31 சனி வரை இரண்டு பேருக்கும் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் திங்கள் இங்கே பொது விடுமுறை. அந்த வார இறுதியில் கடற்கரைப் பக்கம் அறை வாடகை எகிறிவிடும், அதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு மேசையில் வரைபடத்தை விரித்தோம். கணவர் பென்சிலை எடுத்து மேற்குக் கரை முழுக்க ஒரே கோடாக இழுத்தார். வடக்கே டோனகலின் இனிஷோவனில் தொடங்கித் தெற்கே கார்க்கின் கின்சேல் வரை. 2014-ல் இந்தக் கடலோரச் சாலைகளையெல்லாம் சேர்த்து ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் 2,500 கிலோமீட்டர். எட்டு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு முந்நூறு சொச்சம். “சென்னையிலிருந்து திருச்சி போற தூரம்தானே” என்றார் அவர். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

மார்ச் 15, சனி

சரி இல்லை. உடன் வேலை பார்க்கும் ஒருவர் தென்மேற்கே கெர்ரி மாவட்டத்துக்காரர், அவரிடம் மதிய இடைவேளையில் திட்டத்தைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கிலோமீட்டரை மறந்துவிடு, மணிக்கணக்கு போடு” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். மேற்கே போகப் போக சாலை சுருங்கும். இரண்டு பக்கமும் கல்சுவர், இல்லாவிட்டால் ஃபூக்சியா பூச்செடி வேலி. இன்னும் உள்ளே போனால் ஒரே ஒரு வண்டி போகிற பாதை, நடுவில் புல் முளைத்திருக்கும். அதை ‘போரீன்’ என்கிறார்கள். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போய் ஒதுங்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி காட்ட வேண்டும், அது கட்டாயம். இந்தப் பிப்ரவரி 7 முதல் கிராமத்து உள்சாலைகளின் வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள். பல இடத்தில் அந்த அறுபதுமே போக முடியாதாம்.

“அம்மா வருகிறார் என்கிறாய். காருக்குள்ளேயே உட்கார வைத்து எதைக் காட்டப் போகிறாய்? இரண்டு இடம் எடு. இரண்டிலும் மூன்று நான்கு ராத்திரி தங்கு.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அழிப்பானைத் தேடி எடுத்து வந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

எதை விடுவது என்று ஒரு வாரமாகப் பேச்சு.

முதலில் போனது ஜயன்ட்ஸ் காஸ்வே. சுமார் 40,000 கருங்கல் தூண்கள், எரிமலைக் குழம்பு ஆறும்போது தேன்கூடு மாதிரி வெடித்து நின்றவை. ஆனால் அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். அம்மாவின் விசாவில் பிரிட்டனுக்கும் செல்லும் என்ற முத்திரை இருக்கிறது. இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தனி பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, பலர் போய் வருகிறார்கள். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஸ்கெல்லிக் மைக்கேல். கெர்ரிக் கரையிலிருந்து தள்ளி, கடல் நடுவில் கூர்ப்பாறை. அதன் உச்சியில் துறவிகள் கல்லடுக்கிக் கட்டிய குடில்கள், 1996-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு நாளைக்கு 180 பேரைத்தான் இறக்குகிறார்கள். 618 கல்படி, கைப்பிடி கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. இதை விடும்போது அவருக்கு ரொம்ப வருத்தம். இன்னொரு வருடம் நாம் இரண்டு பேர் மட்டும் போகலாம் என்றேன்.

ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச்சாலை 179 கிலோமீட்டர், சுற்றுலாப் பேருந்துகளுக்குப் பின்னாலேயே ஒரு நாள் போய்விடும். விட்டாயிற்று. கால்வே பக்கத்துக் கன்னமாராவை விடத்தான் எனக்கு மனசே இல்லை. அங்கே ஓமி என்று ஒரு தீவு. கடல் வற்றும் நேரத்தில் மணலிலேயே காரை ஓட்டிக்கொண்டு போகலாம், நீர் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும். வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு விட்டுவிட்டேன்.

மிஞ்சியவை இரண்டு: கிளேர் மாவட்டத்தில் பர்ரன், கெர்ரியில் டிங்கிள் தீபகற்பம்.

ஏப்ரல் 5, சனி

இன்று முழுக்க பர்ரன் பற்றிப் படித்தேன். சமையல் தாமதமாகிவிட்டது.

அது ஒரு கல் தேசம். 33 கோடி வருடம் போல ஆன சுண்ணாம்புப் பாறை, வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்தது. பிறகு பனிப்பாறைகள் வந்து மேலே இருந்ததை வழித்துக்கொண்டு போய்விட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிற மலை. கிட்டே போய்க் குனிந்தால் பாறையெங்கும் பிளவுகள், ஒவ்வொரு பிளவுக்குள்ளும் செடி. ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் நீல ஜென்ஷியனும், தெற்கே வெயில் நாட்டில் வளரும் பெரணியும் இங்கே பக்கத்துப் பக்கத்தில். ஜென்ஷியன் மே மாதத்துப் பூ. நாங்கள் போகும்போது கடைசிப் பூக்களாவது இருக்கும்.

இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. மற்ற ஊர்களில் கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், குளிருக்குக் கீழே இறக்குவார்கள். பர்ரனில் நேர்மாறு. கோடை வெயிலை வாங்கி வைத்திருக்கும் பாறை குளிர்காலத்தில் மெல்ல மெல்ல வெப்பத்தை விடும், அதனால் மாடு குளிரில்தான் மேலே போகும். அவை காய்ந்த புல்லை மேய்ந்து தீர்த்துவிடுவதால் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கிறது. கோடையில் மாடு இறங்கிவிடும், பூ மிதிபடாது. அந்தப் பூவெல்லாம் இருப்பதே மாடு மேய்ப்பவர்களால்தான்.

அங்கேயே பூல்நப்ரோன் என்ற கல்திட்டையும் இருக்கிறது. நட்ட கற்களின் மேல் சாய்ந்த ஒரே பலகைக்கல். 1980-களில் தோண்டியபோது அதன் கீழே 33 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. சாலையிலிருந்து கொஞ்ச தூர நடைதான், அம்மா நடந்துவிடுவாள்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள்

தங்கும் வீடு இரண்டும் உறுதி. கிளேரில் டூலின் பக்கம் மூன்று இரவு, டிங்கிளுக்கு வெளியே நான்கு இரவு. போன வாரம் ஒரு வீட்டுக்காரர் பணம் வாங்கிய பிறகு ரத்து செய்துவிட்டார். திரும்ப வாங்குவதற்குள் பத்து மின்னஞ்சல். கடைசியில் கிடைத்த வீடு அதைவிட நல்லது: தரைத்தளம், படி இல்லை, அடுப்படி உண்டு. அடுப்படி எங்களுக்கு முக்கியம், அம்மா சுத்த சைவம். இங்கே காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எதில் கொதிக்க வைத்தது என்று கேட்டுவிட வேண்டும், கோழிச் சாறாக இருக்கலாம்.

கிளேரிலிருந்து கெர்ரிக்குப் போகும் வழியும் முடிவாகிவிட்டது. லிமெரிக் சுற்றிப் போகாமல் கில்லிமரில் காரோடு படகில் ஏறினால் இருபதே நிமிடத்தில் ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து டார்பர்ட்டில் இறங்கிவிடலாம். 137 கிலோமீட்டர் மிச்சம். அந்த முகத்துவாரத்தில் டால்பின் கூட்டம் நிரந்தரமாகவே குடியிருக்கிறது. பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதோ என்னவோ.

கிளேர் கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளுக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினேன். உச்சியில் 214 மீட்டர். பகலில் பேருந்துக் கூட்டம், சாயங்காலம் குறைந்துவிடும், வெளிச்சம் ஒன்பதரை மணிக்கு மேலும் இருக்கும். பஃபின் பறவைகள் மே மாதத்தில் அங்கேதான். பைனாகுலர் இரவல் கேட்டிருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

டிங்கிளுக்கு மேற்கே, தீபகற்பம் முடிகிற இடத்தில் டன்குவின். அதற்கு எதிரே இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் கிரேட் பிளாஸ்கெட் தீவு. ஒரு காலத்தில் 170 பேருக்கு மேல் இருந்தார்கள். ஐரிஷ் மொழி மட்டுமே பேச்சு. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தித் தார் பூசிய ‘நேவோக்’ படகில் மீன் பிடித்தார்கள். டாக்டரோ பாதிரியாரோ கடையோ கிடையாது. இளைஞர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள், நிறையப் பேர் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு. 1947 ஜனவரியில் ஒரு இளைஞன் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது புயலால் யாரும் கடலில் இறங்க முடியவில்லை. அவன் போய்விட்டான். அதே வருடம் ஏப்ரலில் பிரதமர் டி வலேராவுக்குத் தீவிலிருந்து ஒரு தந்தி: புயலில் சிக்கியிருக்கிறோம், உணவு அனுப்புங்கள், சாப்பிட ஒன்றும் இல்லை. 1953 நவம்பர் 17 அன்று மிச்சமிருந்த 22 பேரையும் கரைக்குக் குடிபெயர்க்க அரசு படகு அனுப்பியது.

இரண்டு கிலோமீட்டர்தான். எதிர்க்கரையில் புகை தெரியும் தூரம். பிள்ளைகளைப் பிரிந்த அந்தத் தீவு அம்மா அப்பாக்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்று மதியமெல்லாம் அதே நினைப்பு. நான் இங்கே இருக்கிறேன், அம்மா அங்கே இருக்கிறாள், வீடியோ அழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

தீவுக்குப் படகு உண்டு, ஆனால் ஏறி இறங்குவது கஷ்டம். அம்மாவுக்காக டன்குவினில் உள்ள பிளாஸ்கெட் மையம் என்ற காட்சியகத்துக்குப் போகிறோம். நீளமான நடைபாதையில் நடந்துபோனால் தீவைப் பார்த்தபடி பெரிய ஜன்னல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.

கெர்ரிக்காரர் இரண்டு எச்சரிக்கை சொன்னார். ஸ்லே ஹெட் சாலையில் கடிகாரச் சுற்றாகவே போக வேண்டும், பேருந்துகளும் அப்படித்தான் போகும், எதிரே மாட்டிக்கொள்ளக் கூடாது. அப்புறம், அது ஐரிஷ் பேசும் பகுதி, பலகைகளில் ஐரிஷ் பெயர்தான் இருக்கும். டன்குவினை ‘டூன் க்வீன்’ என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு வருகிறவரை நான்கு தடவை சொல்ல வைத்தார்.

மே 18, ஞாயிறு

அம்மா வந்து எட்டு நாள். நேரம் பழகிவிட்டது, குளிர் பழகவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு, புடவைக்குக் கீழே ஷூ. காற்றில் குடை நிற்காது என்றதும் குடையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இன்று சேர்ந்து சோடா ரொட்டி செய்தோம். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, அதில் மோர். மோரைப் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது. மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் ரொட்டி உப்புகிறது, ஈஸ்ட் வேண்டாம், ஊற வைக்கவும் வேண்டாம். அடித்துப் பிசையக் கூடாது, கையால் சேர்த்தால் போதும். மேலே கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு அடுப்பில் வைத்தேன். சூட்டோடு வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். “இது இருந்தா எனக்குப் போதும், பயணத்துக்கு வேற ஒண்ணும் கட்ட வேண்டாம்” என்றாள். ஆனாலும் ஊறுகாய் டப்பா பைக்குள் போய்விட்டது.

ராத்திரி இனிஷீர் தீவின் படங்களைக் காட்டினேன். டூலினிலிருந்து அரை மணிக்குள் படகு, அங்கே குதிரை வண்டி இருக்கிறது, அம்மா நடக்க வேண்டாம். 1960 மார்ச் புயலில் பிளாஸி என்ற சரக்குக் கப்பல் பாறையில் மோதியபோது தீவுக்காரர்கள் கயிறு எறிந்து 11 பேரையும் கரைக்கு இழுத்தார்கள். துருப்பிடித்த அந்தக் கப்பல் இன்னும் கரையிலேயே கிடக்கிறது. அம்மா அதைத் தாண்டி வேறொரு படத்தில் நின்றுவிட்டாள். சின்னச் சின்னக் கட்டங்களாகக் கல்சுவர், உள்ளே பச்சை. ஏன் இத்தனை சுவர் என்று கேட்டாள்.

அது வெறும் பாறைத் தீவு, அங்கே மண்ணே இல்லை என்றேன். பாறையில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிச் சுவராக அடுக்கினார்கள். பிளவுகளைச் சில்லுக் கல்லால் அடைத்தார்கள். கடற்கரையிலிருந்து மணலும் கடற்பாசியும் கூடை கூடையாகச் சுமந்து வந்து அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைத்து, அதில் உருளைக்கிழங்கு நட்டார்கள். காற்று மண்ணைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் சுவர்.

“மண்ணையே செஞ்சாங்களா?” அம்மா கேட்டாள். காவேரிப் பக்கம் பிறந்தவள், வண்டல் தானாக வந்து சேருகிற ஊர். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, மற்றதெல்லாம் எப்படியோ, இந்தத் தீவுக்கு மட்டும் கண்டிப்பாகப் போக வேண்டும் என்றாள்.

மே 23, வெள்ளி

நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.

காற்று அடித்தால் இனிஷீர் படகு நிற்கும். அதனால் ஞாயிறு, திங்கள் இரண்டு நாளையும் காலியாக வைத்திருக்கிறேன். படகு ஓடுகிற நாளில் தீவு, மற்ற நாளில் பர்ரன். முன்பு தீவுக்கு ஒரே நாள்தான் வைத்திருந்தேன், அம்மா கேட்ட பிறகு இப்படி மாற்றினேன். மோஹரையே விட நேர்ந்தாலும் பரவாயில்லை.

அரிசி, பருப்பு, சின்ன குக்கர், இரண்டு பிளாஸ்க், அம்மாவின் மாத்திரை, முழங்கால் பட்டை, ஒரு முழு சோடா ரொட்டி. டிக்கி நிறைந்து குக்கர் பின்சீட்டுக்கு வந்துவிட்டது. வரைபடத்தை மடித்துக் கையுறைப் பெட்டியில் வைத்தார் அவர். முதல் நாள் இழுத்த கோடு அழித்த பிறகும் லேசாகத் தெரிகிறது.

அம்மா ஒன்பது மணிக்கே படுத்துவிட்டாள். வெளியே இன்னும் வெளிச்சம். விளக்கை அணைக்கப் போனேன், கண் திறக்காமலே கேட்டாள்: “அந்தத் தீவுல, சுவத்துக்கு உள்ள இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்க்க விடுவாங்களா?”

கேட்டுப் பார்க்கலாம் அம்மா என்றேன்.